பழைய பியூக் லெசேபரைத் தானமாகக் கொடுக்க வேண்டும்: எங்கே, எப்படி?

#1 வைகைக்கரை (நோவை, மிச்சிகன்)

வணக்கம். வீட்டு வாசலில் நிற்கும் 2004 பியூக் லெசேபரை யாருக்காவது பயன்படும்படி கொடுத்துவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். எங்கே கொடுப்பது என்பதில்தான் குழப்பம்.

2009இல் எதிர்வீட்டுப் பெரியவர் கண்பார்வை மங்கி ஓட்டுவதை நிறுத்தியபோது எங்களுக்கு விற்றார். அப்போது 41,000 மைல் ஓடியிருந்தது, இப்போது 1,91,000. இங்கே பக்கத்து ஹாம்ட்ராமிக்கில் செய்த வண்டி. முன்னால் பெஞ்ச் சீட், கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும், ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். மதுரையிலிருந்து அப்பா அம்மா வந்தபோதெல்லாம் நயாகரா, சிகாகோ, பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில் எல்லாமே இதில்தான். "இது காரில்லைடா, நம்ம வீட்டுத் திண்ணை" என்பார் அப்பா. அவர் போய் மூன்று வருடமாகிறது. வண்டியை நசுக்கும் எந்திரத்துக்கு அனுப்ப மனம் வராததற்கு அதுவும் ஒரு காரணம், மறைக்க விரும்பவில்லை.

குறைகள்: இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் மெல்ல மெல்லக் குறைகிறது. கதவுக்குக் கீழே ராக்கர் பேனலில் துரு. டிரைவர் பக்கத்து ஜன்னல் பாதியில் நின்றுவிடும். இன்ஜினும் கியரும் இன்றைக்கும் நன்றாக ஓடுகின்றன. புது வண்டி வாங்கும்போது மாற்றிக் கொள்ளக் கேட்டேன், 300 டாலர் என்றார்கள்.

தானமாகக் கொடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். வரியில் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள ஆசை.

#2 சான்ஹோசே சிவா

ரொம்ப எளிது. பொது வானொலி நிலையம், குட்வில், ஹாபிடாட் மாதிரி அறநிறுவனங்கள் என்று பலரும் வாங்கிக் கொள்கிறார்கள். போன் செய்தால் இரண்டு மூன்று நாளில் டோ டிரக் வரும், சாவியையும் டைட்டிலையும் (வண்டியின் உரிமைப் பத்திரம்) கொடுத்தால் முடிந்தது. ஓடாத வண்டியைக்கூட எடுத்துக் கொள்வார்கள். நான் 2016இல் பழைய கேம்ரியை அப்படித்தான் கொடுத்தேன். அரை மணி நேர வேலை.

#3 கணக்குப்பிள்ளை (டாலஸ்)

வரி விஷயத்தை நான் சொல்கிறேன். இருபது வருடமாக மற்றவர்களுக்கு வரிப்படிவம் போட்டுக் கொடுக்கிறேன். கார் தானம் செய்தவர்கள் ஏப்ரலில் ஏமாந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஒரு காலத்தில் விலைப் புத்தகத்தில் இருக்கும் விலையை அப்படியே எழுதிக் கழித்துக் கொள்ளலாம். ஓடாத வண்டிக்குக்கூட நாலாயிரம் ஐயாயிரம் போட்டார்கள். 2003இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 54 கார் தானங்களை எடுத்து ஆராய்ந்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் வரியில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் அறநிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. அதன் பிறகுதான் 2004இல் சட்டத்தை மாற்றினார்கள். 2005 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இப்போதைய விதி இதுதான். நீங்கள் கொடுத்த வண்டியை அவர்கள் அப்படியே ஏலத்தில் விற்றுவிட்டால், அது என்ன விலைக்குப் போனதோ அதைத்தான் நீங்கள் கழிக்கலாம். 500 டாலருக்கோ அதற்குக் குறைவாகவோ போனால், சந்தை மதிப்பு அல்லது 500, இரண்டில் எது குறைவோ அது. 500க்கு மேல் கழிக்க வேண்டுமென்றால் அவர்கள் தரும் 1098-சி படிவம் கட்டாயம். விற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை அனுப்ப வேண்டும். நீங்கள் அதைப் பொருள் தானத்துக்கான 8283 படிவத்தோடு சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும்.

உங்கள் லெசேபரைத் தனியாருக்கு விற்றால் ஒரு 1,800 வரும் என்று வையுங்கள். ஏலத்தில் 650க்குப் போகிறது. நீங்கள் 22 சதவீத வரிப்படியில் இருந்தால், 650இல் 22 சதவீதம், அதாவது 143 டாலர் மிச்சம். அதுவும் நீங்கள் ஐட்டமைஸ் செய்தால்தான், அதாவது கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டால்தான். 2026இல் கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால், பட்டியலிடாமலே மொத்தமாகக் கிடைக்கும் கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 32,200 டாலர். உங்கள் கழிவுகள் அதைத் தாண்டவில்லையென்றால் கார் தானத்தால் வரியில் உங்களுக்கு ஒரு சல்லிக்காசும் வராது. மாநில வரி, சொத்து வரிக் கழிவின் உச்சவரம்பை 10,000லிருந்து 40,000க்கு மேல் உயர்த்தியதால் சொந்த வீடு உள்ள சிலர் மறுபடி ஐட்டமைஸ் பக்கம் வந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் இந்த வருடம் முதல், தானத்தின் மொத்தத்தில் வருமானத்தின் அரை சதவீதத்தைத் தாண்டிய பகுதிதான் கழிவாகும்.

ஆகவே வரிக்காகக் கொடுக்காதீர்கள். கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கொடுங்கள்.

#4 வைகைக்கரை

மிக்க நன்றி சார். நாங்கள் ஸ்டாண்டர்ட்தான் எடுக்கிறோம், அதனால் வரிக்கணக்கு எங்களுக்கு முடிந்துவிட்டது. ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருக்கிறது. இனி வண்டி யாருக்குப் பயன்படும் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

சிவா, நீங்கள் கொடுத்த கேம்ரி கடைசியில் எங்கே போனது என்று தெரிந்ததா?

#5 சான்ஹோசே சிவா

தெரியவில்லை. 725 டாலருக்கு விற்றதாக ரசீது வந்தது. அதில் வானொலி நிலையத்துக்கு எவ்வளவு போனது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

#6 ராரிட்டன் கரை (நியூ ஜெர்சி)

கேட்டே ஆக வேண்டும். பெரும்பாலான அறநிறுவனங்கள் தாங்களே வண்டியைத் தொடுவதில்லை. இடையில் ஒரு கம்பெனி இருக்கும். போனை எடுப்பது, டோ டிரக் அனுப்புவது, ஏலத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் அந்தக் கம்பெனி. டோ செலவு, ஏலக் கட்டணம், தங்கள் பங்கு எல்லாம் கழித்துத்தான் மிச்சத்தைக் கொடுப்பார்கள். சில இடங்களில் விலை எதுவானாலும் வண்டிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. இதில் சட்டப்படி தவறு ஒன்றுமில்லை. ஆனால் "நூறு டாலருக்கு விற்றால் உங்களுக்கு எவ்வளவு வரும்?" என்று அறநிறுவனத்துக்கே நேரடியாகப் போன் செய்து கேளுங்கள். நல்ல நிறுவனம் தயங்காமல் சொல்லும். வரித்துறையான ஐஆர்எஸ் இணையதளத்தில் அந்த நிறுவனம் 501(சி)(3), அதாவது வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம், அவர்கள் தாக்கல் செய்த 990 என்ற ஆண்டுக் கணக்குப் படிவத்தையும் அங்கேயே படிக்கலாம்.

இன்னொன்று. இது என் சொந்த அனுபவம், யாருக்கும் வரக்கூடாது. ஆறு வருடத்துக்கு முன் எங்கள் பழைய ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவைக் கொடுத்தோம். டிரக் ஓட்டி வந்தவர், "டைட்டிலில் கையெழுத்து மட்டும் போடுங்கள், வாங்குபவர் பெயரை ஆபீசில் எழுதிக் கொள்வார்கள்" என்றார். குளிர் வேறு, நான் யோசிக்காமல் போட்டுக் கொடுத்துவிட்டேன். நாலு மாதம் கழித்து வேறு மாநிலத்திலிருந்து பார்க்கிங் அபராதம். அப்புறம், பிடித்த வண்டிகளை வைக்கும் ஒரு இம்பௌண்ட் யார்டிலிருந்து, வண்டியை நடுத்தெருவில் விட்டுப் போய்விட்டீர்கள், டோ செலவும் நாள் வாடகையும் கட்டுங்கள் என்று கடிதம். வண்டி ஏலத்தில் போய், வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமலே கைமாற்றி, அது எங்கெங்கோ சுற்றியிருக்கிறது. பதிவேட்டில் கடைசி வரை என் பெயர்தான். என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு தாள்: நம்பர் பிளேட்டைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீது. எங்கள் மாநிலத்தில் பிளேட்டைக் கழற்றி அரசிடம் ஒப்படைக்க வேண்டும், அதைச் செய்திருந்தேன்.

வெற்றுக் கையெழுத்து போடாதீர்கள். பெறுபவர் பெயர், தேதி, ஓடிய மைல் எல்லாவற்றையும் நீங்களே எழுதுங்கள். எழுதிய டைட்டிலை முன்னும் பின்னும் போன் கேமராவில் எடுத்து வையுங்கள். வண்டி பதிவிலிருந்து நீங்கும் வரை இன்ஷூரன்ஸை நிறுத்தாதீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சுங்கக் கருவியை மறந்துவிடாதீர்கள். நான் அதையும் மறந்து இரண்டு பாலத்துக்குக் கட்டணம் கட்டினேன்.

#7 சான்ஹோசே சிவா

கலிபோர்னியாவில் பிளேட் வண்டியோடு போய்விடும். அதற்குப் பதிலாக, கைமாற்றிய 5 நாளுக்குள் வாகனப் பதிவுத் துறையான டிஎம்வியின் இணையதளத்தில் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பு கொடுக்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பார்த்துக் கொள்ளுங்கள்.

#8 பழைய ஸ்பானர் (கிளீவ்லாண்ட்)

வைகைக்கரை தம்பி, நான் நாற்பது வருடம் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். முதல் பத்து வருடம் கோயம்புத்தூரில், மீதி இங்கே. உங்கள் லெசேபரின் 3.8 லிட்டர் வி6 இன்ஜினை எனக்கு உள்ளங்கை மாதிரி தெரியும். ஜிஎம் செய்த நல்ல இன்ஜின்களில் ஒன்று. உங்கள் ஊர்ப் பக்கத்து பிளின்ட்டில் 2008 ஆகஸ்ட் வரை செய்தார்கள். எண்ணெய் ஒழுங்காக மாற்றினால் இரண்டு லட்சம் மைல் அதற்கு ஒன்றுமேயில்லை.

அதில் பலவீனமான இடம், இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்ப மேலே இருக்கும் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்ட். வெளியேறும் வாயுவைத் திருப்பி அனுப்பும் குழாய் அதன் வழியாகப் போகிறது. அந்தச் சூட்டில் வருடக்கணக்கில் பிளாஸ்டிக் இளகி, கூலண்ட் உள்ளே கசியும். கீழ் இன்டேக் கேஸ்கெட்டும் கசியலாம். தரையில் சொட்டு விழாமல் கூலண்ட் குறைகிறதென்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். கவனிக்காமல் விட்டால் கூலண்ட் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், பால் காப்பி நிறத்தில் நுரை இருக்கிறதா?

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். மிச்சிகனில் இருபது குளிர்காலம் உப்புத் தண்ணீரில் ஓடிய வண்டி. ராக்கர் பேனல் துரு கண்ணுக்குத் தெரிகிறது, சரி. பிரேக் குழாய்கள்? அவை எஃகுக் குழாய்கள். அடியில் ஒளிந்து கிடந்து துருப்பிடிக்கும், ஒருநாள் பெடலை அழுத்தும்போது வெடிக்கும். இன்ஜினைத் தாங்கும் சப்ஃபிரேமை உடலோடு பிணைக்கும் இடங்களையும் பார்க்க வேண்டும். ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றி இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை அதற்கு அப்புறம் பேசலாம்.

#9 வைகைக்கரை

நுரை இல்லை ஐயா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கிறது. 2019இல் பிரேக் குழாய் ஒன்று உடைந்து, அப்போதே எல்லாக் குழாயையும் நிக்கல் கலந்த செம்புக் குழாயாக மாற்றினோம். ரசீது இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து எல்லா வேலையையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சப்ஃபிரேமைப் பார்த்ததில்லை. சனிக்கிழமை காட்டிவிட்டுச் சொல்கிறேன்.

#10 ஸ்கார்பரோ தம்பி

அண்ணா, கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே இது கொஞ்சம் வேறு மாதிரி. ஐட்டமைஸ் என்ற கதையே கிடையாது. பதிவு பெற்ற அறநிறுவனத்தின் ரசீது இருந்தால் எல்லோருக்கும் வரிக்கழிவு கிடைக்கும். வருடத்தின் முதல் 200 டாலர் தானத்துக்குக் குறைந்த விகிதம், அதற்கு மேல் மத்திய அரசுக் கணக்கில் 29 சதவீதம், மாகாணத்துக்குத் தனி. சிறுநீரக அறக்கட்டளைக்குக் கார் கொடுக்கும் திட்டம் இங்கே பலருக்கும் தெரியும். என் பெரியம்மா டயாலிசிஸில் இருந்தபோது அந்த அறக்கட்டளை எங்களுக்கு உதவியாக இருந்தது. அதனால் எங்கள் வீட்டுப் பழைய இம்பாலா அங்கேதான் போனது. அது நசுக்கத்தான் போகிறது என்று தெரிந்தே கொடுத்தோம், இன்ஜின் செத்துவிட்டது. இரும்பு விலையாவது அவர்களுக்குப் போகட்டும் என்று.

உங்கள் வண்டி ஓடுகிறதே. ஓடும் வண்டியை இரும்பாக்கக் கொடுக்காதீர்கள் அண்ணா.

#11 பால்டிமோர் அக்கா

எல்லோரும் ஏலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வண்டியைப் பழுது பார்த்து, ஒரு குடும்பத்தின் கையில் கொடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. எங்கள் மேரிலாந்தில் 1999இல் தொடங்கிய வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச், வெர்மான்ட்டில் 1996இல் தொடங்கிய குட் நியூஸ் காராஜ் இரண்டும் அப்படிப்பட்டவை. தானமாக வரும் வண்டிகளில் தேறுவதைப் பிரித்தெடுத்துச் சரி செய்து, வேலைக்குப் போக வண்டியில்லாத குடும்பங்களுக்குக் கொடுக்கிறார்கள். தேறாததை விற்று, அந்தப் பணத்தில் மற்ற வண்டிகளைச் சரி செய்கிறார்கள். மேரிலாந்துக்காரர்கள் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு மெக்கானிக் பயிற்சியும் கொடுக்கிறார்கள். தானமாக வந்த வண்டிகளில்தான் அவர்கள் வேலை பழகுகிறார்கள்.

இது எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்களோடு வேலை பார்க்கும் உதவியாளர்களில் பலர் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் வருகிறார்கள். இரவு 11 மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் திரும்பிப் போகப் பஸ் கிடையாது. ஒருவர் காலை ஐந்தரை வரை எங்கள் ஓய்வறை நாற்காலியிலேயே தூங்கிவிட்டுப் போவார். வீட்டில் இரண்டு குழந்தைகள். அப்படிப்பட்ட ஒருவருக்கு உங்கள் திண்ணை கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்சீட்டில் இரண்டு குழந்தை இருக்கையும் போடலாம், டிக்கியில் ஒரு மாதச் சாமானும் வைக்கலாம்.

#12 வைகைக்கரை

அக்கா, படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். எங்கள் பக்கமும் அதே நிலைமைதான். 2022 நவம்பர் வாக்கெடுப்பு வரை நோவை பஸ் சேவைக்கான வரியிலேயே சேராத ஊர். ஓக்லண்ட் கவுண்டி முழுவதற்கும் வரி நிறைவேறிய பிறகுதான் பஸ் வரத் தொடங்கியது. வண்டியில்லாமல் இங்கே வேலைக்குப் போவது லேசல்ல.

#13 தென்னங்கீற்று (அட்லாண்டா)

மன்னிக்கவும், நான் வேறு கருத்து சொல்லப் போகிறேன். நல்ல எண்ணத்தைக் குறை சொல்வதற்காக இல்லை.

22 வருட வண்டி, துரு, கூலண்ட் கசிவு. நமக்கே வேண்டாம் என்றுதானே கொடுக்கிறோம்? அதைக் கையில் காசில்லாதவருக்குக் கொடுத்தால், அடுத்த மாதம் 900 டாலர் ரிப்பேர் வந்தால் அவர் என்ன செய்வார்? இன்ஷூரன்ஸ், பெட்ரோல், பதிவுக் கட்டணம் எல்லாம் அவர் தலையில். நான் படிக்க வந்த புதிதில் தெரிந்தவர் ஒருவர் அன்போடு ஒரு பழைய செடானை இலவசமாகக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் கியர்பாக்ஸ் போனது. என் உதவித்தொகையில் பாதி அதற்கே போனது. வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம், வைத்துக் கொள்ளவும் வழியில்லை. கடைசியில் காசு கொடுத்து டோ செய்து அனுப்பினேன். நம் வீட்டுக் கஷ்டத்தை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானம் என்று சொல்லக்கூடாது.

#14 பழைய ஸ்பானர்

தென்னங்கீற்று சொல்வது உண்மை. நான் அதை அலட்சியம் செய்ய மாட்டேன். என் கடைக்கு வந்த பழைய வண்டிகளில் பாதி அப்படி யாரோ அன்போடு கொடுத்தவைதான்.

ஆனால் நேரடியாகக் கொடுப்பதும், பழுது பார்த்துக் கொடுக்கும் இடத்துக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. ஒழுங்கான இடம் வண்டியை லிஃப்டில் ஏற்றும். தேறாது என்று தெரிந்தால் அவர்களே ஏலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தேறினால் பிரேக், டயர், சஸ்பென்ஷன் எல்லாம் சரி செய்து, சில மாதம் உத்தரவாதத்தோடு கொடுப்பவர்களும் உண்டு. நாம் செய்யத் தகாதது, பழுதை மறைத்துக் கொடுப்பது. கூலண்ட் கசிவை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் தம்பி. ஜன்னலையும் எழுதுங்கள். அந்த நோட்டையும் வண்டியோடு கொடுங்கள். எந்த மெக்கானிக்குக்கும் அது பொக்கிஷம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளே எல்லாம் மின்னணுவாக இருக்கும் பத்து வயது ஐரோப்பிய வண்டியைவிட, இந்த இருபது வயது பியூக்கை ஏழை ஒருவர் வைத்துக் காப்பாற்றுவது எளிது. இவற்றை ஓட்டியவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், அடித்து ஓட்டியிருக்க மாட்டார்கள். உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், பழைய இரும்புக் கடையில் இன்னும் மலிவு. சாதாரண பெட்ரோல் போதும். அந்த மேனிஃபோல்ட் வேலையைக் கை பழகியவன் அரை நாளில் முடித்துவிடுவான்.

#15 தென்னங்கீற்று

பழுது பார்த்துக் கொடுப்பார்கள் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஒரு கேள்வியை மட்டும் அந்த நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள்: வண்டியைக் கொடுத்த பிறகு வரும் முதல் ரிப்பேருக்கு யார் பொறுப்பு?

#16 கணக்குப்பிள்ளை

மிக நல்ல கேள்வி.

நான் இன்னொரு வழியையும் வைக்கிறேன். வண்டியை நீங்களே விற்று, பணத்தை அறநிறுவனத்துக்குக் கொடுப்பது. ஏலத்தில் 650க்குப் போகும் வண்டி தனியாரிடம் 1,800க்குப் போகலாம். இடைத்தரகர் பங்கும் இல்லை. முழுத்தொகையும் நீங்கள் நம்பும் இடத்துக்குப் போகும். வாங்கிய விலையைவிடக் குறைவாகத்தானே விற்கிறீர்கள், அதனால் விற்ற பணத்துக்கு வரி கிடையாது.

இந்த 2026இலிருந்து இதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர்களும் அறநிறுவனங்களுக்குக் கொடுக்கும் ரொக்கத்தைத் தனியாகக் கழிக்கலாம்: தனிநபர் 1,000 டாலர் வரை, தம்பதி 2,000 டாலர் வரை. ரொக்கத்துக்கு மட்டும்தான், பொருளுக்கு இல்லை. காராகக் கொடுத்தால் உங்களுக்குக் கழிவு பூஜ்யம். விற்று 1,800 ரொக்கமாகக் கொடுத்தால் முழு 1,800ம் கழியும். 22 சதவீதப் படியில் அது 396 டாலர்.

விற்கிற அலைச்சல் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. தெரியாதவர்கள் வீட்டுக்கு வருவார்கள், பேரம் பேசுவார்கள். எந்த வழி சரி என்று நான் சொல்ல மாட்டேன்.

#17 நாட்டாண்மை வீதி (டிராய், மிச்சிகன்)

கோயிலுக்குக் கொடுக்கலாமே? நம் பக்கத்துக் கோயில்கள் பலவும் 501(சி)(3)தான். குருக்கள் வீடு வீடாகப் பூஜைக்குப் போக வண்டி தேவைப்படும். அன்னதானச் சாமான் ஏற்றவும் பெரிய டிக்கி உதவும்.

#18 கணக்குப்பிள்ளை

கொடுக்கலாம். கோயிலே வண்டியை வைத்துத் தன் பணிக்கு நிறையப் பயன்படுத்தினால், விற்ற விலை என்ற வரம்பு பொருந்தாது, சந்தை மதிப்பையே காட்டலாம். பேருக்கு ஒரு மாதம் ஓட்டிவிட்டு விற்றால் அது ஆகாது. தினமும் ஏழைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஒரு வருடம் ஓட்டுவது மாதிரியான உபயோகத்தைத்தான் ஐஆர்எஸ் உதாரணமாகச் சொல்கிறது. அதேபோல, பெரிய அளவில் பழுது பார்த்து மதிப்பைக் கூட்டினாலும், தேவையுள்ளவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்தாலும் சந்தை மதிப்பைக் காட்டலாம். வெறுமனே கழுவித் துடைத்து எண்ணெய் மாற்றுவது பெரிய பழுதுபார்ப்பு ஆகாது. இவற்றையெல்லாம் அவர்கள் 1098-சி படிவத்தில் உறுதி செய்ய வேண்டும். வைகைக்கரை போல ஸ்டாண்டர்ட் எடுப்பவருக்கு இதனால் பயனில்லை, பின்னால் படிக்க வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கோயில் கமிட்டியிடம் முதலில் கேளுங்கள். கோயில் பெயரில் வண்டி வைத்தால் இன்ஷூரன்ஸ் கூடும், எல்லாக் கமிட்டியும் விரும்பாது.

#19 வைகைக்கரை

கோயிலில் கேட்டேன். போன வருடமே ஒரு பக்தர் வேன் கொடுத்துவிட்டாராம், நன்றி சொல்லி மறுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை வண்டியை லிஃப்டில் ஏற்றினோம். சப்ஃபிரேமில் மேலோட்டமான துருதான், சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கணீரென்று கேட்டது. ராக்கர் பேனலில் ஓட்டை இருக்கிறது, ஆனால் ஜாக்கி வைக்கும் இடம் திடமாக இருக்கிறது. கூலண்ட் கசிவு ஸ்பானர் ஐயா சொன்ன அதே இடம்.

விற்றுப் பணம் கொடுப்பதைப் பற்றி இரண்டு நாள் பேசினோம். கணக்குப்படி அதுதான் சரி, மறுக்க முடியவில்லை. ஆனால் மனைவி ஒன்று சொன்னாள்: "பணம் நாம் இன்னொரு நாளும் கொடுக்கலாம். ஓடுகிற வண்டி நம்மிடம் இப்போது ஒன்றுதான் இருக்கிறது." அதன் பிறகு நான் பேசவில்லை.

#20 பால்டிமோர் அக்கா

உங்கள் மனைவிக்கு என் வணக்கம். உங்கள் மாநிலத்தில் பெரிய நிறுவனம் கிடைக்காவிட்டால் தேவாலயங்களோடு சேர்ந்த சிறு ஒர்க்‌ஷாப்புகளைத் தேடுங்கள். விளம்பரமே செய்ய மாட்டார்கள். சமூக உதவித் தகவல் தரும் 211 எண்ணில் கூப்பிட்டு, வேலைக்குப் போகிறவர்களுக்கு வண்டி கொடுக்கும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

#21 வைகைக்கரை (ஐந்து வாரம் கழித்து)

முடிந்தது. எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், விவரமாக எழுதுகிறேன்.

211இல் இரண்டு இடங்களைச் சொன்னார்கள். ஒன்று ஏலத்துக்குத்தான் அனுப்புகிறது என்று கேட்டவுடன் நேர்மையாகச் சொன்னார்கள். மற்றது எங்கள் வீட்டிலிருந்து நாற்பது மைல், ஒரு தேவாலயத்தின் பின்னால் இருக்கும் ஒர்க்‌ஷாப். இரண்டு லிஃப்ட், ஓய்வு பெற்ற கார்த் தொழிற்சாலை ஊழியர்கள் ஐந்தாறு பேர் வாரத்தில் மூன்று நாள் வந்து வேலை செய்கிறார்கள். ஐஆர்எஸ் தளத்தில் பெயர் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். தென்னங்கீற்று கேட்கச் சொன்னதைக் கேட்டேன். முதல் ஆறு மாதத்துக்கு உதிரிபாகச் செலவு மட்டும் வாங்கிக் கொண்டு கூலியில்லாமல் சரி செய்து தருவார்களாம். வண்டி பெறுபவர் ஓட்டுநர் உரிமமும் வேலையும் வைத்திருக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் எடுக்கக் கட்டுப்படி ஆகுமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் சாவி கொடுப்பார்கள்.

மேனிஃபோல்டுக்கும் ஜன்னல் மோட்டாருக்கும் உதிரிபாகம் நானே வாங்கிக் கொடுத்தேன், 240 டாலர் ஆனது. டைட்டிலில் அவர்கள் நிறுவனத்தின் பெயர், தேதி எல்லாம் என் கையாலேயே எழுதிப் படம் எடுத்துக் கொண்டேன். 2010க்கு முந்தைய மாடல் என்பதால் மைல் கணக்கு கட்டாயமில்லை என்றார்கள், இருந்தாலும் எழுதினேன். மிச்சிகனில் பிளேட் நம்முடையதுதான், கழற்றி வைத்துக் கொண்டேன். டைட்டில் நகலைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று அறிந்து அதையும் கோப்பில் போட்டேன். அவர்கள் பெயருக்கு மாறியது தெரிந்த பிறகுதான் இன்ஷூரன்ஸை நிறுத்தினேன். ராரிட்டன் கரை நண்பருக்கு நன்றி, நீங்கள் எழுதியிராவிட்டால் நானும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருப்பேன்.

கொண்டுபோய் விட்ட அன்று அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். முன்சீட்டைக் காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொடுத்துடுப்பா, நல்லா ஓடட்டும்" என்றார்.

#22 பழைய ஸ்பானர்

நோட்டைக் கொடுத்தீர்களா தம்பி?

#23 வைகைக்கரை

கொடுத்தேன் ஐயா. நேற்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது. இரவு ஷிஃப்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்கு வண்டி போயிருக்கிறது, மூன்று பிள்ளைகளாம். பெயர் சொல்வதில்லை, நானும் கேட்கவில்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டு, தானும் தொடர்ந்து எழுதுவதாகச் சொன்னாராம். அடுத்த ஆயில் மாற்றம் 1,94,000 மைலில் என்று நான் பென்சிலில் குறித்திருந்ததைப் பேனாவில் எழுதிக் கொண்டாராம்.